இரவுக் கழுகார் எந்தப் பக்கம், அண்ணா?

அண்ணா,

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்று குடும்பக் குழுவில் நீ போட்ட படத்துக்கு நான் மட்டும்தான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அழித்ததை நீ பார்த்துவிட்டாய் என்று அண்ணி சொன்னார்கள். அப்பாவை அதில் இழுத்திருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்குக் கேட்கவில்லை.

இன்று செப்டம்பர் 30. 1948-ல் இதே நாளில்தான் போனெல்லியும் கலெப்பினியும் இத்தாலியில் நம் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரை, அதாவது இரவுக் கழுகாரை, வெளியே விட்டார்கள். "இரவுக் கழுகாருக்குப் பிறந்தநாள், பிள்ள" என்று வருஷம் தவறாமல் உன்னிடமிருந்து செய்தி வரும். இன்று ராத்திரி பத்து மணி வரை பார்த்தேன், வரவில்லை. சரி, நானே எழுதுகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன். இங்கே என்றால் முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த மொட்டை மாடி ராத்திரியையே ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கரண்ட் இல்லை. சிம்னி விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு பழைய பேப்பர் கடையில் வாங்கிய லயன் காமிக்ஸ், அட்டை கிழிந்தது. பசைக் கையோடு தொடாதே என்று நீ என்னைத் திட்டினாய். அப்புறம் நீயே தொட்டாய். உன் கட்டைவிரல் ரேகை அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, டெக்ஸின் கூட்டாளி கார்சனின் தொப்பிக்கு மேலே, பழுப்பாக.

கை வேலை செய்ய, வாய் கதை சொல்லிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்கள் டெக்ஸைப் பிடித்துக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். கொல்லப் போகிற நேரத்தில் தலைவர் சிவப்பு அம்பின் மகள், இவனை நான் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நிற்கிறாள். அவள் பெயரை லிலித் என்று நீ சொன்ன விதம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கடைசியில் அம்மை ஒட்டிய கம்பளிகளால் அவள் செத்துப்போகிறாள் என்றதும் நான் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். அவள் போன பிறகும் டெக்ஸ் அந்த ஜனங்களை விட்டுப் போகவில்லை, அவர்களுக்குத் தலைவனானான் என்றாய். நெற்றியில் தலைவனின் பட்டை, சட்டையில் வெள்ளைக்காரர்களின் சட்டத்தைக் காக்கிற ரேஞ்சர் நட்சத்திரம்.

"அப்போ அவன் யாரு பக்கம்ணே?" என்று கேட்டேன்.

நீ பதில் சொல்லவில்லை. "நீ யாரு பக்கம் பிள்ள?" என்று திருப்பிக் கேட்டாய். கீழே அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது உனக்குத் தெரியும். அத்தை பிள்ளைகளெல்லாம் இதைப் படிப்பார்கள், அதை இங்கே வைக்கமாட்டேன். நான் யோசிக்காமல் "அம்மா பக்கம்" என்றேன். நீ, "நான் ரெண்டு பேர் பக்கமும்" என்றாய். ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது. மூன்று நாள் உன்னோடு பேசவில்லை.

உன் படத்தில் அந்தச் சின்னக் கொடியைப் பார்த்ததும் எனக்கு வந்தது அதே ஒன்பது வயதுக் கோபம்தான். அதற்காக அது பொய்க் கோபம் ஆகிவிடாது.

நீ எனக்குச் சொல்லாத ஒன்றைப் பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் உயிராக நினைத்த வெள்ளிமுடியார் கார்சன் இருக்கிறாரே, நிஜத்தில் வாழ்ந்த அந்த கிட் கார்சன்தான் 1863-64-ல் நவஹோக்கள் மீது படை நடத்தியவர். பயிரைக் கொளுத்தினார்கள், ஆடுகளைப் பிடித்தார்கள். அந்தப் போரில்தான் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அவர்கள் வளர்த்த பீச் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்களை நியூ மெக்சிகோவின் போஸ்க் ரெதோந்தோ முகாமுக்குக் கால்நடையாக விரட்டினார்கள். 1868 ஜூன் 1-ல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. காமிக்ஸில் அதே கார்சன் நவஹோத் தலைவனுக்கு உயிர் நண்பன், ஒரே நெருப்பில் காபி போட்டுக் குடிக்கிறார். இரண்டு பக்கமும் நிற்கிறேன் என்கிற கதைக்குள் யாருடைய பீச் மரமோ காணாமல் போயிருக்கிறது அண்ணா. எனக்கு உறுத்துவது அதுதான்.

டெக்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரயிலில் போனவர்கள் விளையாட்டுக்குச் சுட்டு இரண்டு நவஹோப் பையன்கள் சாகிற கதையில், அவன் முதலில் நியாயம் கேட்டுத்தான் போகிறான். கிடைக்கவில்லை என்றதும் ராணுவத்தையே எதிர்த்து நின்றான். வேண்டிய நேரத்தில் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவனை யாரும் ஒரு மண்டபத்தில் நிறுத்தி, கையைத் தூக்கு, இதுவரை இருந்த விசுவாசத்தையெல்லாம் முழுவதுமாகத் துறக்கிறேன் என்று சொல் என்று கேட்கவில்லை. உன்னைக் கேட்டார்கள். நீ சொன்னாய். அந்த உறுதிமொழியை நான் தேடிப் பிடித்து இரண்டு தடவை படித்தேன். அதைச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை இருக்கிறது, விசா ஒவ்வொரு தடவையும் உன்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். நீ தூங்காமல் கிடந்த ராத்திரிகளில் என்னைத்தான் கூப்பிட்டாய். அதெல்லாம் தெரிந்தும் அப்படி எழுதினேன். ஆனால் கையெழுத்துப் போடுகிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? படம் பார்த்துத்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

இனி நீ இங்கே வர, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை எடுப்பாய். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பாவின் கரிசல் காடு விஷயமாக நான் எதுவும் நினைக்கவில்லை என்பதை எல்லோரும் படிக்கிற இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வாரிசாக வருவது உனக்கு வந்துதான் சேரும். அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் என்னிடம் கேள்.

புத்தகக் கட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்பமாட்டேன். கரையான் பிடிக்காமல் வேப்பிலை போட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. உன் விரல் ரேகை இருக்கிற பக்கத்தைச் சின்னவனுக்கு நான்தான் காட்டுவேன்.

இன்னும் மணி பன்னிரண்டு ஆகவில்லை. அங்கே உனக்கு மத்தியானம்கூட ஆகியிருக்காது. பிறந்தநாள் செய்தியை அனுப்பு.

உன் பிள்ள