சனிக்கிழமை குளச்சல் பயணம்

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை 6 மணிக்கு நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ஞாயிறு அன்று மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் கரையேறுவதையும் மீன் ஏலத்தையும் பார்க்கத்தான் சனி.

1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது குளச்சலில்தான். வெற்றித் தூணை நிதானமாகப் பார்ப்போம். அந்தப் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள்; பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

அப்புறம் மாலையில் முட்டம். செம்மண் மேடு, பாறைகள், கலங்கரை விளக்கம் எல்லாம் அழகுதான். ஆனால் அலை அடிக்கும் பாறையில் யாரும் ஏற வேண்டாம். கரையில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.