அண்ணன் தலையில் விழுந்த உயில்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று நம் பக்கம் நினைக்கிறார்கள், எங்கள் அப்பாவும் அப்படித்தான் பெரியண்ணன் பெயரை எழுதிவிட்டுப் போனார். ஒன்றரை வருடம் எதுவும் நகரவில்லை. ஃபோன் பண்ணினால் எடுக்கமாட்டார். தென்னந்தோப்பு வருமானத்தை அமுக்குகிறார் என்று சின்னண்ணன் கத்த, நானும் கொஞ்சம் நம்பினேன் (இப்போது வெட்கமாக இருக்கிறது).

ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தால், பட்டா, வில்லங்கச் சான்று, காய் விற்ற சீட்டு எல்லாம் ஒரே மஞ்சப்பையில், மேலே அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டை. மனிதர் திருடவில்லை, திணறியிருக்கிறார்.

1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 337-வது பிரிவுப்படி, இறந்து ஒரு வருடம் வரை பங்கைக் கொடுக்கும் கட்டாயம் நிறைவேற்றுபவருக்கு இல்லை. சரியில்லாதவரை நீக்க 301-வது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு. சின்னண்ணன் அதற்குத்தான் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினார். கோபியிலிருந்து சென்னைக்கு அலைந்து, தோப்புக் காசை வக்கீலுக்குக் கொடுக்கவா என்று கேட்டுத் தடுத்தேன்.

அப்புறம் கையெழுத்து மட்டும் பெரியண்ணனுடையது, தாலுகா ஆபீஸ் அலைச்சல் சின்னண்ணனுக்கு, கணக்கு நோட்டு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். மாதம் ஒருமுறை கணக்கைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன். கிணற்றுப் பங்கு மட்டும் இன்னும் இழுக்கிறது.

ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்