விடிய ஐந்து மணிக்கு அங்கே என்ன சத்தம் கேட்கும்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்,

ஒக்டோபர் பிறந்து இலை கொட்டத் தொடங்கியதும் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிற எங்கள் பயண ஒழுங்குக் கடைக்கு வருகிறவர்கள், குறிப்பாக பென்ஷன் எடுத்த ஐயாமாரும் அம்மாமாரும், கேட்பது ஒன்றுதான்: "தம்பி, இந்த முறை ஸ்நோவுக்குள்ளே கிடக்கேலாது, மூன்று மாதம் ஊரிலே போய் இருக்கப்போறம், சொந்தக்காரர் வீடு வேண்டாம், சத்தம் சந்தடி இல்லாத இடமாய் ஒன்று பார்த்துத் தா." டிக்கெட் போட்டுக் கொடுப்பது எங்களுக்கு அரை மணி நேர வேலை. அமைதியான இடம் பார்த்துக் கொடுப்பது அப்படி இல்லை. அதை ஒரு பிழை விட்டுத்தான் படித்தோம், அதனால்தான் கவுண்டரில் நின்று அவசரத்தில் சொல்கிறதை எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் இலங்கையில், யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கத்தில் ஒரு வீட்டை நாங்களே பார்த்து ஒழுங்கு செய்தோம். படங்களில் கிணற்றடி, இரண்டு மாமரம், சிவப்புச் சீமெந்து விறாந்தை, அதில் ஒரு சாய்மனைக் கதிரை. பார்த்த உடனேயே மனம் ஆறியது. அங்கே போன ஐயா இதயத்தில் பைபாஸ் செய்தவர், வைத்தியர் நன்றாக நித்திரை கொள்ளச் சொல்லியிருந்தார். மார்கழி நடுவில் போய் இறங்கினார்கள். ஐந்தாம் நாள் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பின்மதிலுக்கு அப்பால் கோயில், விடிய நாலரைக்கே ஒலிபெருக்கி போடுகிறார்கள், அதற்குள் திருவெம்பாவையும் தொடங்கிவிட்டது, சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் பாடிக்கொண்டு வருகிறார்கள். "சாமி பாட்டைக் குறை சொல்ல வாய் வருகுதில்லை தம்பி, ஆனால் இவருக்கு நித்திரை இல்லாமல் பிரஷர் ஏறுது" என்றார். அந்தக் குரல் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. அவர் அழைத்த மூன்றாம் நாள் வேறு வீடு மாற்றிக் கொடுத்தோம், ஆனாலும் அந்த ஒரு வாரத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. "அமைதியான இடமா?" என்று கேட்டோம், "நல்ல அமைதி" என்றார். அந்தக் கோயில் மணியோடு பிறந்து வளர்ந்தவருக்கு அது சத்தமே இல்லை. ஆகவே அந்தக் கேள்வியால் ஒரு பிரயோசனமும் இல்லை, நீங்கள் தனியாக வீடு பார்த்தாலும் அதைக் கேட்காதீர்கள். கோயில் எவ்வளவு தூரம், ஒலிபெருக்கிக் குழாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, திருவிழா எந்தத் தேதியில் கொடியேறுகிறது, பக்கத்தில் கலியாண மண்டபம் இருக்கிறதா, அயல் காணியில் யாராவது வீடு கட்டுகிறார்களா, கரண்ட் நின்றால் யாருடைய ஜெனரேட்டர் ஓடும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இப்போது நாங்கள் முற்பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பில் மூன்று ஒலிப்பதிவு கேட்டு வாங்குகிறோம்: விடிய ஐந்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஆறு மணிக்கு ஒன்று, வெள்ளி அல்லது ஞாயிறு பகலில் ஒன்று. ஒவ்வொன்றும் பத்து நிமிடம், நீங்கள் படுக்கப்போகிற அறையின் யன்னலில் போனை வைத்து எடுக்க வேண்டும். கடைக்கு வந்தால் போட்டுக் காட்டுவோம். போன மாதம் கரவெட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒன்றில் முதலில் சேவல், பிறகு யாரோ முற்றம் கூட்டுகிற சரக் சரக், கிணற்றில் வாளி விழுகிற சத்தம், கடைசியில் எங்கோ தூரத்தில் பாண் விற்கிற ஆட்டோ. பீத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டு இலங்கை முழுக்கப் பாண் விற்கிறார்களே, அதே ஆட்டோதான். கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் "இது காணும், இதையே போடுங்கோ" என்றார். அவருக்கு அதுதான் அமைதி, உங்களுக்கு அந்தச் சேவலே வேண்டாமென்றால் அதையும் முன்னமே சொல்லிவிடுங்கள்.

சரி, இடத்துக்கு முதல் மாதத்தைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஒக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, அதிலும் நவம்பரில், ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், நுளம்பு பெருகும், டெங்கு கூடுகிற காலமும் அதுதான். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்தால் கோயில்கள் விடியவே விழித்துவிடும், ஆனால் மார்கழியில் கலியாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மண்டபங்கள் அடங்கிக் கிடக்கும். தை பிறந்ததும் கதை தலைகீழ்: கோயில் பக்கம் ஓரளவு தணியும், மண்டபங்கள் பாட்டுப் போடத் தொடங்கும், வெயில் காலம் என்பதால் வீடு கட்டுகிற வேலையும் சூடு பிடிக்கும். டைல் வெட்டுகிற மெஷின் சத்தம் ஒன்றே போதும், ஒரு விடுமுறையைக் கெடுக்க. எங்கள் அபிப்பிராயத்தில் வடக்குக்கு நல்ல காலம் பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் கடைசி வரை. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் கனடாக் குளிர் கண்டவர்களுக்கு ஒரு மெல்லிய போர்வையே காணும்.

டிசம்பரிலேயே புறப்பட வேண்டும் என்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது: முதல் மூன்று நாலு கிழமை தெற்குக் கரையில் இருங்கள், பொங்கலோடு வடக்கே வாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கிலும் தென்மேற்கிலும் கடல் அமைதி, வானம் வெளிச்சம். ஆனால் உல்லாசப் பயணிகள் குவிகிற காலமும் அதுதான். ஹிக்கடுவவிலும் உனவட்டுனவிலும் இரவு விருந்துச் சத்தம் ஓயாது. அப்புறம், கொழும்பிலிருந்து மாத்தறை வரை ரயில் பாதை கரையோடு ஒட்டியே போகிறது, கடல் பார்த்த அறை என்று விளம்பரத்தில் இருக்கும், ஹோர்ன் அடிப்பது படத்தில் தெரியாது. மாத்தறையைத் தாண்டி தங்காலைப் பக்கம் போனால் ரயில் கரையை விட்டு உள்ளே பெலியத்தைக்குத் திரும்பிவிடுகிறது, கூட்டமும் குறைவு. நீச்சலுக்குச் சரியான கடல் என்று சொல்ல மாட்டோம், பல இடங்களில் கடல் இழுவை அதிகம். கேட்டுக்கொண்டு இருப்பதற்குத்தான் அந்தக் கடல்.

திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்குடாப் பக்கம் குளிர்காலத்துக்கு வேண்டாம், அங்கே நல்ல காலம் மே முதல் செப்டெம்பர் வரை. நுவரெலியாவை நிறையப் பேர் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அது 1,868 மீற்றர் உயரம், ஜனவரி இரவுகளில் சில நாள் புல்லில் உறைபனி விழும், பெரும்பாலான அறைகளில் ஹீட்டர் கிடையாது. மூட்டு நோவுக்காகக் கனடாவை விட்டு ஓடுகிறவர் அங்கே போய்க் கம்பளிக்குள் இருப்பது நியாயமில்லை. மலைதான் வேண்டுமென்றால் அதைவிடத் தணிந்த பண்டாரவளையைப் பாருங்கள், அங்கேயும் ஜனவரி வரை மழை உண்டு, பிப்ரவரிக்குப் போங்கள்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும். அமைதி என்று பார்த்தால் வேலணை, புங்குடுதீவு, காரைநகரை வெல்ல வேறு இடமில்லை. பூட்டிக் கிடக்கிற வீடுகள், பனைகள், காற்று. மூன்றுக்கும் பாலத்தாலே வாகனத்தில் போகலாம். ஆனால் இதய நோய், சுகர் கூடி இறங்குகிறவர்கள், ஒரு முறையாவது பக்கவாதம் வந்தவர்கள் என்றால் நாங்கள் அங்கே வீடு போட மாட்டோம், எவ்வளவு கேட்டாலும். நடுச்சாமத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேர எடுக்கிற நேரம் எங்களுக்குப் பயம். நெடுந்தீவு என்றால் குறிகாட்டுவானிலிருந்து படகுதான், கடல் கொந்தளித்தால் அதுவும் ஓடாது. தெல்லிப்பழையிலும் பருத்தித்துறையிலும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்களுக்கு நடுவே எத்தனையோ அமைதியான வீடுகள் இருக்கின்றன, அங்கே தேடுவோம். எங்கே இருந்தாலும் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தைப் போனில் போட்டு வையுங்கள்.

வீட்டுக்குள் நாங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். கக்கூஸ் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும், கொமோட் இருக்க வேண்டும், பிடித்து எழும்பக் கம்பி இல்லாவிட்டால் போட்டுத் தரச் சொல்வோம். யன்னலுக்கு வலை, கட்டிலுக்கு நுளம்பு வலை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறிய தண்ணீர், கேத்தலில் ஒரு மாதத்திலேயே வெள்ளைப் படலம் பிடிக்கும், குடிக்கிறதுக்கு வேறு தண்ணீர் எடுங்கள். மின்விசிறியைப் போட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரவு முழுக்கக் கடகட என்று ஆடுகிற ஃபானும் ஒரு சத்தம்தானே, கோயிலையும் மண்டபத்தையும் விசாரித்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடதாசி விஷயம் நாலு. ஒன்டாரியோவின் அரச வைத்தியக் காப்புறுதியான ஓஹிப் தொடர்ந்து இருக்க எந்த 12 மாதத்திலும் 153 நாளாவது ஒன்டாரியோவில் நிற்க வேண்டும், மூன்று நாலு மாதத்துக்குப் போகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஜி.ஐ.எஸ்., அதாவது வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தருகிற கூடுதல் காசு, எடுக்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் அந்தக் காசு நிற்கும், "இன்னும் ஒரு மாதம் நிற்பம்" என்று டிக்கெட்டை மாற்றுவதற்கு முன் எங்களோடு ஒரு தடவை கதையுங்கள். கனடா பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு முதலில் 30 நாள்தான் அனுமதி, மிச்சத்தை நீட்டிக்க வேண்டும், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நாலாவது பயணக் காப்புறுதி, இதில்தான் நிறையப் பேர் தெரியாமல் மாட்டுகிறார்கள். பழைய வருத்தம் இருக்கிறவர்களுக்கு, பயணத்துக்கு முன் குறிப்பிட்ட நாட்கள், பல திட்டங்களில் 90 அல்லது 180 நாள், அந்த வருத்தம் மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். வைத்தியர் உங்கள் பிரஷர் குளிசையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினாலும் அது மாற்றம், குறைத்தாலும் சில திட்டங்களில் மாற்றம்தான். போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் செக்கப்புக்குப் போய்க் குளிசையை மாற்றிக்கொண்டு வந்து எங்களிடம் சொல்லாமல் விடாதீர்கள். செக்கப்பைக் கோடையிலேயே முடியுங்கள், இல்லாவிட்டால் மாற்றத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த வருடப் பயணத்துக்கு வீடு பார்க்கச் சொல்கிறவர்கள் கடைக்கு வரும்போது பாஸ்போர்ட்டோடு பார்மசி தருகிற குளிசை லிஸ்டையும் கொண்டு வாருங்கள், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து வாருங்கள், ஒலிப்பதிவைக் கேட்கும்போது ஐயாவுக்குப் பிடிப்பது அம்மாவுக்குப் பிடிப்பதில்லை. சனிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு, ஆறுதலாக இருந்து கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் பயண ஒழுங்குக் கடையினர், ஸ்கார்பரோ