நம்ம கப்பலைக் கரையேற்றிவிட்டு வந்தேன்

மச்சான்,

ரெண்டு வருஷமாக ஒரு வரிகூட எழுதவில்லை, கோபம் இருந்தால் திட்டிவிடு. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு அதே முட்டி வலி.

போன பௌர்ணமிக்கு நம்ம முதல் கப்பலை, குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கிற ஆலங்கில் கரையேற்றினேன். ஆமாம், பாய்லர் பர்னரைத் தப்பாக மாட்டிவிட்டு மொட்டை சீஃப் எஞ்சினியரிடம் நீ வாங்கிக் கட்டிக்கொண்ட அதே கப்பல். பெயரும் கொடியும் மாறிவிட்டன. மூணாம் நம்பர் ஜெனரேட்டருக்கு மட்டும் அதே இருமல்.

ஆலங் இருக்கிற காம்பே வளைகுடாவில் கடல் 30 அடிக்கு மேல் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தை நம்பித்தான் 1983 முதல் அங்கே கப்பல் உடைக்கிறார்கள். கப்பல் நிலையாக நிற்க எடைக்காக ஏற்றிய பேலஸ்ட் தண்ணீரை இறக்கிவிட்டு, ஃபுல் அஹெட்டில், அதாவது முழு வேகத்தில், நேரே கரையைப் பார்த்து விட்டோம். தரை தட்டிவிடக்கூடாதே என்று காலமெல்லாம் பயந்தவர்கள் நாம். சேற்றில் ஏறும்போது பெரிய சத்தம்கூட இல்லை, மெதுவாக ஒரு உரசல். பிரிட்ஜிலிருந்து 'ஃபினிஷ்டு வித் எஞ்சின்ஸ்', இனி எஞ்சின் வேண்டாம், என்றார்கள். எத்தனை துறைமுகத்தில் கேட்ட வார்த்தை! படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ரோட்டோரக் கடைகளைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. உயிர்காப்புப் படகு, மெத்தை, கேபின் கதவு, மெஸ் தட்டு, எதுவும் வீணாகவில்லை. தகட்டை உருக்குவதுகூட இல்லையடா. பவநகர் பக்கத்து ரோலிங் மில்களில் பழுக்கக் காய்ச்சி அப்படியே கம்பியாக இழுத்துவிடுகிறார்கள். புதிதாகத் தாது தோண்ட வேண்டாம், அதை உருக்கக் கரி எரிக்கவும் வேண்டாம். உடைக்கிற வேலையை நம்பி ஒடிசா, பீகார், உ.பி. என்று ஆயிரக்கணக்கான பேர் வந்து பிழைக்கிறார்கள். இதை மூடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சேற்றில் சிந்துகிற எண்ணெயையும் பெயிண்ட் துகளையும் அடுத்த ஏற்றம் கடலுக்கே அள்ளிக்கொண்டு போய்விடும்.

பக்கத்தில் இன்னொரு கப்பலை உடைக்கிற இடத்தில் ஒரு ஒடிசாப் பையன் குந்தி உட்கார்ந்து, சாக்பீஸ் கோட்டின் மேல் கேஸ் கட்டரை நகர்த்திக்கொண்டிருந்தான். சட்டைக் கை முழுக்கப் பொறி பட்ட ஓட்டை. தகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? டேங்கில் மிச்ச எண்ணெயின் வாயு தங்கியிருந்தால் ஒரு பொறி போதும். குழாய் இணைப்பில் கசியாமல் வைக்கிற பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அவன் நுரையீரல்தான் பலி. உடைக்க ஆலங்குக்கு அனுப்பிய கிளெமென்சோ என்ற பழைய போர்க்கப்பலை இந்த ஆஸ்பெஸ்டாஸ் தகராறில்தானே 2006இல் பாதி வழியில் பிரான்ஸ் திருப்பிக்கொண்டது. கப்பலைப் பாதுகாப்பாக உடைப்பதற்காக 2009இல் நிறைவேறிய ஹாங்காங் உடன்படிக்கை அமலுக்கு வர 2025 ஜூன் 26 ஆகிவிட்டது. பதினாறு வருஷம்!

இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். உங்கள் ஆபீஸில் அந்த ரெண்டு பழைய கப்பல்களும் விற்பனைக்குப் போகின்றன என்று கேள்விப்பட்டேன். அபாயப் பொருள் பட்டியல் உன் மேஜைக்குத்தான் வரும். மேஜையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதே. பம்ப் ரூம் வரை இறங்கிப் பார். செலவு என்று எவன் முனகினாலும் டேங்கைக் கழுவி, வாயு சோதனை முடித்த பிறகே கப்பலை விடு. முதல் தகட்டில் கட்டரை வைக்கப்போகிறவன் உன் கையெழுத்தை நம்பித்தான் வைப்பான்.

பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். நம்ம கப்பலின் மெஸ் டம்ளர் ரெண்டு எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு.