காலிப் பூச்சிமருந்து பாட்டில்கள் பாசன வாய்க்காலில் சேராமல் திரும்பப் பெற ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
முல்லைப் பெரியாற்று வாய்க்கால் பாசன விவசாயிகள்,
கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், தேனி.

மதிப்பிற்குரிய ஐயா,

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல்லும், அதை ஒட்டிய தோட்டங்களில் பன்னீர் திராட்சையும் பயிரிடுகிறோம். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்தது முதல் அறுவடை வரை, அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து கொடிக்கு அடிக்கடி மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது. அடித்து முடித்ததும் தெளிப்பானை வாய்க்காலிலேயே அலசிவிட்டு, காலி பாட்டிலைக் கரையில் வீசிவிட்டு வருவது எங்களுள் பலருக்கு வழக்கமாகிவிட்டது. இதில் எங்கள் தவறும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

சென்ற முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்தபோது அடைத்துக்கொண்ட ஒரு மடையைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்தோம். ஆகாயத்தாமரையோடு சிக்கிக் கிடந்த பாட்டில்களே ஓர் உரச்சாக்கை நிறைத்தன. பலவற்றில் மூடி இறுகியபடி அடியில் மருந்து மிச்சமிருந்தது. சிலவற்றில் கடும் நஞ்சைக் குறிக்கும் சிவப்பு முக்கோணம்கூட அழியவில்லை. இந்தத் தண்ணீர்தான் வழியோர ஊர்களுக்கும், வைகை அணையில் சேர்ந்தபின் மதுரைக்கும் குடிநீராகிறது. ஐந்து லிட்டர் கேன்களின் கதை வேறு: பழைய சாமான் வியாபாரிகள் அவற்றை எடைக்கு வாங்கிச் செல்ல, கழுவப்பட்டுத் தண்ணீர் பிடிக்கும் கேன்களாக வீடுகளுக்கே திரும்பி வருகின்றன.

காலிக் கொள்கலன்களை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்கின்றன 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள். இரண்டடி தோண்டினால் நீர் ஊறும் நன்செய்யில் புதைப்பது கிணற்றில் போடுவதற்குச் சமம், எரித்தாலோ நச்சுப்புகை.

ஆகவே, மும்முறை அலசி (அலசிய நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு) அடியில் துளையிட்ட பாட்டில்களைப் பெற்றுக்கொள்ள, வேளாண்மை விரிவாக்க மையங்களிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் பூட்டுள்ள தொட்டிகள் வைக்கவும், சேர்ந்தவற்றை உரிய முறையில் அழிக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கிறார்கள். குடிப்பவரிடம் செல்லுபடியான ஏற்பாடு பூச்சிமருந்துக் கடையிலும் செல்லுபடியாகும் என்று நம்புகிறோம். தெளிப்பான் கழுவ வாய்க்காலுக்கு எட்டத்தில் தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்க் குழியும் அமைத்துத் தந்தால், வாய்க்காலில் இறங்க வேண்டிய தேவையே இராது.

அடுத்த தண்ணீர் திறப்புக்கு முன் ஒரு வாய்க்காலிலாவது இதைத் தொடங்கினால், அதன் மடைகளைச் சுத்தம் செய்து பாட்டில்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
வாய்க்கால் பாசன விவசாயிகள்