மஞ்சள் விமானத்துக்குக் கை கொடுத்த சுங்கை சிப்புட் உறவுகளுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு காலை தோட்டத்துப் பந்துத் திடலில் மஞ்சள் விமானம் ஒன்று பறந்ததைப் பலர் பார்த்தீர்கள். ரிமோட்டைப் பிடித்திருந்தவன் நான் என்பதால் எல்லாரும் என் கையைத்தான் குலுக்கினீர்கள். ஆனால் அதற்குள் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பைப்பர் ஜே-3 கப் என்ற அமெரிக்க விமானத்தின் கால் பங்கு அளவு மாதிரி அது. அசல் விமானம் 1938 முதல் 1947 வரை செய்யப்பட்டது. அதன் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 10.7 மீட்டர்; என்னுடையது ஏறக்குறைய 2.7 மீட்டர். மாதிரி விமானப் பெட்டியைத் திறந்தால் பால்சா என்ற லேசான மரத்தின் குச்சிகள், பிளைவுட் துண்டுகள், சுருட்டிய வரைபடம், அவ்வளவுதான். தைப்பூசம் முடிந்து தொடங்கினேன். மில்லில் ஷிப்ட் முடித்து வந்து இரவு இரவாக ஒட்டி, தீபாவளிக்கு முன்னால்தான் முடிந்தது.

முதல் நன்றி ஆசாரி ஐயாவுக்கு. வரைபடத்தை மேசையில் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, இறக்கையின் விலாக்களை ஊசி குத்தி நிறுத்தி ஒட்ட வேண்டும். மேசை கோணினால் இறக்கையும் கோணும். விஷயத்தைச் சொன்ன மறுநாளே ஐயா தன் பட்டறைக் கதவு ஒன்றை வேனில் ஏற்றி வந்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, இழைப்புளியால் இரண்டு இடத்தில் சீவி, மட்டமாக்கிக் கொடுத்தார். பால்சாவைக் கையில் வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தவர், "இது மரமா தம்பி, நெட்டியா?" என்று கேட்டார்.

அப்புறம் அந்த மழை நாட்கள். வலது இறக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு வாரம் இரவு ஷிப்ட் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஏதோ சரியில்லை, எது என்று பிடிபடவில்லை. ஐயா நேரான இரண்டு சட்டங்களை எடுத்து, ஒன்றை இறக்கை உடலோடு சேரும் பக்கத்திலும் மற்றொன்றை நுனியிலும் குறுக்கே வைத்தார். குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "இங்க வந்து பாரு." அருகில் இருந்த சட்டத்துக்கு மேலே, தூரத்துச் சட்டத்தின் ஒரு மூலை மட்டும் அரை விரல் எழும்பி நின்றது. நுனியின் முன்விளிம்பு தூக்கியிருக்கிறது! அப்படியே பறக்கவிட்டிருந்தால், வேகம் குறையும்போது அந்த நுனி முதலில் காற்றின் பிடியை இழந்து, விமானம் வலப்பக்கமாகப் புரண்டு விழுந்திருக்கும். முன்விளிம்பில் ஒட்டிய மெல்லிய பலகையைப் பிரித்தோம். இறக்கையைக் கதவில் படுக்க வைத்து, நுனியில் பின்விளிம்புக்கு அடியில் குச்சி செருகி, செங்கல் ஏற்றி, மறுபடி ஒட்டினோம். கதவு நிலை பார்த்துப் பழகிய கண் அன்று என் எட்டு மாத உழைப்பைக் காப்பாற்றியது.

தையல்கடை அக்காவுக்கு நன்றி. இறக்கைக்குப் போர்த்தும் பிலிம் சூடு பட்டால் சுருங்கி இறுகும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் இறக்கை மறுபடி திருகிக்கொள்ளும் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். பட்டுச் சேலைக்கு இஸ்திரி போடும் பொறுமையோடு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தேய்த்தீர்கள், அக்கா. ஒரு சுருக்கம்கூட இல்லை.

புல்வெட்டும் மெஷின் பழுதுபார்க்கும் அபாங்குக்கும் (மலாய் அண்ணனுக்கும்) நன்றி. பெட்ரோல் இன்ஜின் இரண்டு நாளாக அடம் பிடித்தது. கார்புரேட்டர் ஊசியைக் கால் திருப்பு தளர்த்திவிட்டு, "சத்தத்தைக் கேள்" என்று மலாயில் சொன்னார். கேட்டேன், சீராக ஓடியது. கப்புக்கு மூக்கு குட்டை, வால் கனம். எடை சமமாக முன்னால் வைக்க ஈயம் தந்த டயர் கடை முதலாளி, நம் தவுக்கே, காசே வாங்கவில்லை.

திடலைத் தந்த தோட்ட நிர்வாகத்துக்கும், பிள்ளைகளைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும் நன்றி. சாப்பாட்டு மேசையில் பால்சாத் தூள் விழாத நாளே இல்லை என்றிருந்த வீட்டைத் தாங்கிய என் மனைவிக்கு என்ன சொன்னாலும் போதாது.

அன்று காலை எட்டு மணிக்குக் காற்றே இல்லை. பாதித் திடல் ஓடுவதற்குள் வால் எழும்பி, சக்கரம் புல்லை விட்டது. செம்பனை மரங்களுக்கு மேலே இடது பக்கம் திரும்பியபோதுதான் மூச்சு விட்டேன். நான்கு சுற்று சுற்றி இறங்கியதும் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. ஆசாரி ஐயா மட்டும் நேரே விமானத்திடம் போனார். இறக்கை நுனிக்கு நேராகக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "நேரா இருக்கு," என்றார்.

ஐயா, உங்கள் கதவு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. இந்த வாரம் கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்