நான்கு பாம்பு, ஒரே தொட்டி: அந்தப் படம் தவறான வழிகாட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வீட்டில் பாம்பு வளர்க்கும் ஓர் இளைஞரைப் பற்றிய கட்டுரை வந்திருந்தது. உடன் வந்த படத்தில் ஒரே கண்ணாடித் தொட்டிக்குள் நான்கு பால் பைத்தான்கள் (ball python, பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. ‘நால்வரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்’ என்று கீழே அச்சிட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் வீட்டிலும் இரண்டு பால் பைத்தான்கள் உண்டு. மகன் வளர்த்தவை, வேலை கிடைத்து அவன் வெளியூர் போனதும் பராமரிப்பு என் கைக்கு வந்தது. ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் வெளிநாட்டு விலங்கு வளர்ப்போர் பதிவுசெய்யும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவானவை. இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. கட்டுரை வந்த அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பையன் பேப்பரும் கையுமாக வந்து நின்றான். “டீச்சர், இதுல நாலும் ஒண்ணாத்தானே கெடக்கு? நம்ம வீட்ல மட்டும் ஏன் பிரிச்சு வச்சிருக்கீங்க? பாவம்ல?” பத்திரிகையில் வந்ததை அவன் நம்புகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. படத்தை அப்படி விளக்கியவர்கள் நீங்கள்தான்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முனகும், பூனை மூலையில் போய் ஒடுங்கும். பாம்பு கத்தாது, முகம் சுளிக்காது. நோயின் கடைசிக் கட்டம் வரை பெரும்பாலும் வழக்கம்போலவே சுருண்டு படுத்திருக்கும். அதன் நலத்தை நாம் அறிய இருக்கும் வழிகள் சொற்பம்: என்ன தின்றது, எப்போது எச்சமிட்டது, தின்றதைக் கக்கியதா, சட்டை எப்படி உரிந்தது, எடை ஏறியதா இறங்கியதா. ஒரு பெட்டியில் ஒரு பாம்பு இருந்தால் இவை எல்லாம் அந்தப் பாம்பைப் பற்றிய செய்தி. இரண்டு இருந்தால் எச்சம் யாருடையது, கக்கியது எது என்றே தெரியாது. நான்கு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியபடி ஒளி ஊடுருவும் ஒரு செதில் இருக்கும். சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரிய வேண்டும். உரிந்த சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் தலைப் பகுதியில் மெல்லிய வட்டமாக இரண்டு கண்மூடிகளும் தெரியும். போன ஐப்பசியில் பெண் பாம்பின் சட்டையைப் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் வட்டம் இருந்தது. இடப்பக்கம் வெறும் ஓட்டை. அதாவது பழைய செதில் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவனிக்காமல் விட்டால் அடுத்தடுத்த உரிப்பில் மேலும் மேலும் படிந்து கண்ணுக்கே கேடு வரும். பெட்டியின் ஈரப்பதத்தைக் கூட்டி, ஈரத் துணிக்குள் சிறிது நேரம் விட்டதில் தானே கழன்றது. அதே பெட்டிக்குள் ஆணும் இருந்திருந்தால்? இரண்டும் ஊர்ந்து ஊர்ந்து சட்டையைக் கிழித்துப் போட்டிருக்கும். அந்த ஓட்டையை நான் எங்கே தேடுவது?

தீனியும் அப்படித்தான். எங்கள் ஆண் பாம்பு கார்த்திகையில் சாப்பாட்டை நிறுத்தினால் மாசி வரை எலியைத் திரும்பிப் பார்க்காது. பால் பைத்தான்களில், அதிலும் ஆண்களில், இனப்பெருக்கக் காலத்தில் இது சகஜம். எடை பெரிதாகக் குறையாதவரை கவலையில்லை. பெண் அப்படி நிறுத்தினால் நான் விசாரிப்பேன். ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு இருப்பதால்தான் இந்த வித்தியாசம் தெரிகிறது. போதாததற்கு, எலி வாசனை வந்துவிட்டால் பாம்புக்கு அசைவதெல்லாம் இரைதான். ஒரே எலியின் இரு முனையை இரண்டு பாம்புகள் கவ்வினால், ஒன்று விடாதவரை பெரியது சின்னதையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். அமெரிக்காவின் கிங் ஸ்னேக் போன்றவை பாம்பையே உணவாகக் கொண்டவை. நம் ராஜநாகத்துக்குச் சாரைப் பாம்பு எப்படியோ, அதற்கு அப்படி.

இனி அந்தக் குவியல். ‘ஒற்றுமை’ என்று நீங்கள் எழுதியது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் கரையான் புற்றுகளிலும் எலி வளைகளிலும் பகலைக் கழிக்கும் உயிரினம் இது. உடல் நான்கு பக்கமும் உரசும்படியான இடுக்குதான் அதற்குப் பாதுகாப்பு. தொட்டியில் ஒளிய நல்ல இடம் ஒன்றே ஒன்று இருந்தால் நான்கும் அங்கேதான் போகும். தங்கள் படத்தில் இருந்ததும் ஒரே ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதுவும் ஒரு பாம்பின் தலைக்குத்தான் காணும்.

வெப்பத்துக்கும் இதே போட்டி. தொட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரியிலும் மறுமுனை 26, 27 டிகிரியிலும் இருக்க வேண்டும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பாம்பு தன் தேவைக்கு ஏற்ப இரண்டுக்கும் நடுவே நகர்ந்து உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாரும் சூடான முனைக்கு நடக்கும் போட்டியைப் பற்றியே எழுதுகிறார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் நிலைமை தலைகீழ். இங்கே ஹீட் மேட்டை (பெட்டியைச் சூடேற்றும் மின்விரிப்பு) அணைத்துவிட்டு, குளிர்ந்த மூலைக்குத்தான் நான் பாடுபடுகிறேன். அந்த மூலையில் தண்ணீர்க் கிண்ணத்தை ஒட்டி ஒரு பாம்புக்குத்தான் இடம். பெரியது அங்கே படுத்துவிட்டால் சின்னது எங்கே போகும்? இதில் சண்டை இருக்காது, கடி இருக்காது. சின்னது ஒதுங்கிக்கொள்ளும், தீனியைக் குறைக்கும், இளைக்கும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் அமைதியாகவே தெரியும்.

பாம்பின் நடத்தையை நம் மனசுக்குப் பிடித்தபடி அர்த்தம் செய்துகொள்வது நமக்குப் புதிதல்ல. வயல் வரப்பில் இரண்டு சாரைகள் பின்னிப் பிணைந்து நிமிர்ந்து ஆடினால் இணை சேர்கின்றன என்று சொல்லி மேலே வேட்டியைப் போட்டு எடுத்து வைத்துக்கொள்வார்கள். அது இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று கீழே தள்ள முயலும் மல்யுத்தம். இதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். ஆண்டுதோறும் எவனாவது ஒருவன் “இல்ல டீச்சர், எங்க தாத்தாவே பாத்திருக்காரு” என்று எழுந்து நிற்பான்.

மறுதரப்பையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாம்புகள் முற்றிலும் தனிமை விரும்பிகள் என்ற பழைய கருத்து இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. கனடாவின் மானிடோபா மாநிலத்தில் நார்சிஸ் என்ற ஊரருகே சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் கார்ட்டர் பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கார்ட்டர் பாம்புகள் சில கூட்டாளிகளை விரும்பித் தேடுகின்றன என்று 2020-ல் கனடாவின் வில்ஃப்ரிட் லாரியே பல்கலைக்கழகத்தினர் எழுதினார்கள். அதே குழு 2024-ல் பால் பைத்தான்களைப் பற்றியே ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆறு ஆறாகப் பத்து நாள் ஒன்றாக விட்டபோது, ஒளிய வேறு இடங்கள் இருந்தும் அவை பெரும்பாலான நேரம் ஒரே மறைவிடத்தில் சேர்ந்தே கிடந்தனவாம். எனக்கே அது வியப்பாக இருந்தது. ஆக, படத்தில் இருந்த நான்கும் துன்பத்தில்தான் இருந்தன என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் ஆய்வகத்தில் பத்து நாள் என்பது வேறு. வீட்டு ஹாலில் முப்பது ஆண்டுகள் என்பது வேறு. அவை சேர்ந்து இருக்க விரும்பினாலும் கிருமி பரவுவது நிற்காது. யாருடைய எச்சம் என்ற கேள்விக்கும் விடை வராது.

கிருமியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால் பைத்தான்களின் மூச்சுக்குழலைத் தாக்கும் நிடோ வைரஸ் இருக்கிறது. போவா, மலைப்பாம்பு இனங்களைத் தாக்கும் ஐ.பி.டி. என்ற கொடிய வைரஸ் நோய் இருக்கிறது. போவாவின் உடலில் அது மாதக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் தங்கும், மலைப்பாம்புக்குத் தொற்றினால் நரம்பைத் தாக்கும். பாம்பின் செதிலிடுக்கில் மிளகுத்தூள் போலத் தெரியும் மைட் என்ற நுண்ணுண்ணி ஒரு பாம்பில் இருந்தால், அதே தொட்டியிலுள்ள எல்லாவற்றிலும் இருக்கும். நம் ஊருக்குப் பாம்புகள் எப்படி வருகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அப்படி அடைபட்டு, பிடிபடாமல் வந்தவை எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்! பாம்பு எங்கிருந்து வந்திருந்தாலும் புதிதாக வீட்டுக்கு வந்ததைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில் வைத்துக் கவனிக்க வேண்டும். வாங்கிய அன்றே பழையதோடு சேர்த்து விடுகிறவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்கிறார்கள்.

ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்தால் முட்டை வரும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 1961 முதல் இருந்த ஒரு பால் பைத்தான், குறைந்தது 15 ஆண்டுகளாக ஆண் பாம்பின் பக்கமே போகாதிருந்தும், 2020-ல் ஏழு முட்டைகள் இட்டது. 1990-லும் அது முட்டையிட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் கூண்டு கழுவும்போது பாம்புகளைச் சேர்த்து வாளிக்குள் விடுவார்களாம். அப்போது இணை சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். வாளிக்குள் இருந்த அந்தச் சிறிது நேரத்துக்கே இப்படி என்றால், ஆண்டுக்கணக்கில் ஒரே தொட்டி என்றால் சொல்ல வேண்டுமா? நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டமும் அதன்கீழ் 2024-ஆம் ஆண்டு விதிகளும் வந்தபின், குட்டி பொரித்தால் அதையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். (நம் நாட்டு மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி போன்றவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டதும் குறைதான்.)

ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். காற்றோட்டத் துளையிட்ட, பூட்டு உள்ள பிளாஸ்டிக் பெட்டியே போதும்; விலை உயர்ந்த கண்ணாடித் தொட்டி அவசியமில்லை. ஆனால் ஹீட் மேட் வைத்தால் அதற்குத் தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம், இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். இரு முனையிலும் ஒவ்வொரு மறைவிடம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். புதுப் பெட்டிக்கு மாற்றிய பாம்புக்கு ஒரு வாரம் தீனி காட்டாமல், கையில் எடுக்காமல் விட்டுவிடுங்கள். இதுவரை உண்ண மறுத்துக்கொண்டிருந்தது தானாக உண்ணத் தொடங்கினால் காரணம் உங்களுக்கே விளங்கும். ஆணோடு இருந்த பெண் என்றால் பாம்புகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பாம்புகளை ஒரே தொட்டியில் சேர்த்து வளர்க்கக் கூடாது என்ற குறிப்பை வரும் ஞாயிறன்று வெளியிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் இப்போது ஞாயிறு பேப்பரை வரி விடாமல் படிக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திருநகர், மதுரை.